அடைச்சூடும் பெட்டைக் குஞ்சும்

நாட்டுக்கோழி வளர்ப்பில் வரவு பெட்டையிடமிருந்துதான். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிஞ்சிய சேவல்கள் கறிக்குப் போகும். அதனால் சோழபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சின்னதாக ஒரு இன்குபேட்டர் வாங்கி வைப்பவர்கள் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: “சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பெட்டைக் குஞ்சை அதிகமாக்க முடியுமா?”

முடியாது. குஞ்சு சேவலா பெட்டையா என்பது முட்டை கூட்டில் விழுவதற்கு ஒரு நாள் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆனால், சூட்டுக்கும் பெட்டைக்கும் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. பெட்டைக் கரு தன் சினைப்பையைக் கட்டிக்கொள்வதும், ஆயுள் முழுக்க இடப்போகும் முட்டைகளுக்கு வேண்டிய கருவணுக்களைச் சேர்த்து வைப்பதும் அடையில் இருக்கும் 21 நாளில்தான். அந்த நாட்களில் சூட்டை எப்படி நடத்துவது என்பதே இந்த அத்தியாயம்.

சூட்டால் ஆண் பெண் ஆகும் உயிர்கள்

இந்த நம்பிக்கை வெறுங்கதை அல்ல. ஆனால் அது வேறு உயிர்களின் கதை. முதலைக்கும் பெரும்பாலான ஆமைகளுக்கும் பாலைத் தீர்மானிப்பது மணலின் சூடுதான். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையில், நம் நாட்டுச் சதுப்புநில முதலையின் முட்டைகளைப் பல வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்த முட்டைகளில் பெண் குஞ்சுகளே பொரித்தன. 32.5 டிகிரியை ஒட்டி ஆண் குஞ்சுகள் வந்தன. ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். நம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் சூடுதான் கணக்கு. அங்கே மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் கூடும்.

இந்தச் செய்தி காற்றுவாக்கில் பரவி, முட்டையிடும் எல்லா உயிருக்கும் பொருந்தும் என்று ஆகிவிட்டது. கோழிக்கு அது பொருந்தாது.

கோழியில் தீர்மானிப்பது பெட்டை

மனிதர்களில் ஆணின் விந்தணுதான் குழந்தையின் பாலைத் தீர்மானிக்கிறது. கோழியில் இது தலைகீழ். சேவலிடம் இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டையிடம் ஓர் இசட், ஒரு டபிள்யூ. சேவல் தருவது எப்போதும் இசட்தான். பெட்டையின் மஞ்சள் கருவோடு இசட் வந்தால் குஞ்சு சேவல், டபிள்யூ வந்தால் பெட்டை. இந்தத் தேர்வு முடிந்து ஏறக்குறைய 25 மணி நேரம் கழித்துத்தான் ஓடு கட்டிய முட்டை வெளியே வருகிறது. நீங்கள் அதைக் கையில் எடுக்கும்போது உள்ளே பல ஆயிரம் செல்கள் கொண்ட கரு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பாலும் இருக்கிறது.

இசட் குரோமோசோமில் உள்ள டி.எம்.ஆர்.டி.1 என்ற மரபணு இரண்டு பங்கு இருந்தால் விரைகள் உருவாகின்றன, ஒரு பங்கு இருந்தால் சினைப்பை உருவாகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள்.

கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பொறுக்கி அடைவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரிஸ்டாட்டில் நீண்ட கூர்முட்டையைப் பெண் என்று எழுதினார். ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா அதையே சேவல் என்று எழுதினார். முட்டையின் வடிவம் தாய்க்கோழியின் முட்டைக்குழாயைப் பொறுத்தது, குஞ்சைப் பொறுத்தது அல்ல. வடிவம் பார்ப்பது ஒன்றுக்கு உதவும்: மிகக் கூரானது, மிக உருண்டையானது, ஓடு சொரசொரப்பானது ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு நடுத்தரமானவற்றை அடைவைத்தால் பொரிப்பு கூடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் வியாபாரக் கணக்கைப் பாருங்கள். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் நிறுவனங்களுக்குச் சேவல் குஞ்சு வேண்டாம். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 700 கோடி சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே அழிக்கப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் இதைத் தடை செய்தது. இப்போது அங்கே முட்டைக்குள்ளேயே பால் கண்டறியும் இயந்திரங்களை நாடுகிறார்கள். ஒரு டிகிரி கூட்டிக் குறைப்பதில் காரியம் ஆகுமென்றால் அத்தனை பணத்தை யாரும் கொட்டியிருக்க மாட்டார்கள்.

முட்டைக்குள் சினைப்பை வளரும் விதம்

முட்டையிடும் கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருக்கள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கோலிக்குண்டு அளவில் நாலைந்து, மிளகு அளவில் சில, கடுகைவிடச் சிறியதாக எண்ண முடியாத அளவு. அடுத்த முறை கவனியுங்கள்: அந்தக் கொத்து இடப்பக்கம் மட்டுமே இருக்கும். முட்டைக்குழாயும் இடப்பக்கம் ஒன்றுதான். வலப்பக்கத்தில் இருந்தவை எங்கே போயின என்பதற்கான விடை அடையின் முதல் இரண்டு வாரத்தில் இருக்கிறது.

2 முதல் 4-ஆம் நாள். பிற்காலத்தில் கருவணுவாக மாறப்போகும் செல்கள் வேறோர் இடத்தில் தோன்றி, ரத்த ஓட்டத்தோடு வந்து, முதுகெலும்பின் இரு பக்கமும் உருவாகும் மேடுகளில் குடியேறுகின்றன. சேவல் கருவுக்கும் பெட்டைக் கருவுக்கும் இந்த மேடுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

6, 7-ஆம் நாள். பெட்டைக் கருவில் மட்டும் அரோமடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கி ஈஸ்ட்ரோஜன் சுரக்கச் செய்கிறது. இடப்பக்க மேட்டின் மேல்தோல் தடித்துச் சினைப்பையாகிறது. வலப்பக்கத்தில் மேல்தோல் தடிப்பதில்லை. அது மெல்லச் சுருங்குகிறது. அந்த நொதியின் சக்தி எவ்வளவு என்பதை 1992-இல் ஒரு சோதனை காட்டியது. மருந்து கொடுத்து அரோமடேஸைத் தடுத்தபோது, மரபணுவால் பெட்டையாக இருந்த குஞ்சுகளுக்கு விரைகள் வளர்ந்தன. ஆமைகளில் இந்த நொதியோடு வெப்பநிலைக்குத் தொடர்பு உண்டு. கோழியில் கடிவாளம் மரபணுவின் கையில்.

9 முதல் 17-ஆம் நாள். கருவணுக்கள் பெருகும் காலம். 1963-இல் ஹியூஸ் என்பவர் எண்ணிப் பார்த்து வெளியிட்ட கணக்குப்படி, 9-ஆம் நாள் இடப்பக்கச் சினைப்பையில் சுமார் 28,000 அணுக்கள். 17-ஆம் நாள் 6,80,000.

17 முதல் 21-ஆம் நாள். பெருக்கம் நின்று கழிவு தொடங்குகிறது. பொரிக்கும்போது மிஞ்சுவது சுமார் 4,80,000. அதற்குப் பிறகு புதிதாகச் சேர்வது கிடையாது. அதில் சில நூறுதான் பிற்காலத்தில் முட்டையாக வெளியே வரும்.

வலப்பக்கத்தில் சுருங்கிப்போன மிச்சம் முழுதாக அழிவதில்லை. வளர்ந்த பெட்டையின் இடப்பக்கச் சினைப்பை நோயால் கெட்டுவிட்டால், வலப்பக்க மிச்சம் விரைபோல வளர்ந்துவிடுவது உண்டு. அப்போது கொண்டை பெருத்து, அந்தப் பெட்டை கூவவும் செய்யும். வீட்டுக்கு ஆகாது என்று பயப்பட வேண்டியதில்லை. முட்டைக்கு உதவாது, அவ்வளவுதான்.

சூடு எங்கே கைவைக்கிறது

சூடு பெட்டையைச் சேவலாக்காது. ஆனால் கருவின் வளர்ச்சி வேகம் முழுக்கச் சூட்டின் கையில். ஒரு டிகிரி கூடினாலும் கரு அவசரப்படும். உறுப்புகள் அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்காது. குறைந்தால் எல்லாம் பின்தங்கும். சினைப்பை, இதயம், குடல் எல்லாவற்றுக்கும் இது பொது. தொப்புள் மூடாமலும், உடம்பு சிறுத்தும் பொரிக்கும் குஞ்சு, பெட்டையாகவே இருந்தாலும் முட்டையிடும் வயதுவரை தாங்குவது சிரமம்.

இன்னொன்றும் நடக்கலாம். ஆஸ்திரேலியாவில் பிரஷ் டர்க்கி என்ற பறவை முட்டையின் மேல் உட்காருவதில்லை. இலைதழைகளைக் குவித்து, அது மக்கும் சூட்டில் முட்டையைப் புதைக்கிறது. குவியலின் சூடு 34 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் சமமாகப் பொரிக்கின்றன. குறைந்தால் ஆண் கூடுகிறது, ஏறினால் பெண் கூடுகிறது. அங்கேயும் எந்தக் கருவும் பால் மாறவில்லை. ஒவ்வொரு சூட்டிலும் ஒரு பாலின் கருக்கள் அதிகமாகச் செத்துப்போகின்றன. அதாவது, ஒரு பால் கூடியதாகத் தெரிவதன் விலை மற்றப் பாலின் சாவு. நம் பெட்டியில் அப்படி ஒரு “வெற்றி” கிடைத்தாலும் மொத்தக் குஞ்சு குறைந்துதான் இருக்கும்.

ஒரு ஈட்டில் பெட்டை குறைந்ததும் தெர்மோஸ்டாட்டைத் திருகப் போகாதீர்கள். 10 குஞ்சு பொரித்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே, 7-க்கு 3 அல்லது அதைவிடச் சாய்வாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 100 குஞ்சுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

வேண்டுமென்றே சூட்டை ஏற்றும் முறை ஒன்றும் உண்டு. இஸ்ரேலில் கறிக்கோழி முட்டைகளை 7 முதல் 16-ஆம் நாள் வரை தினமும் 12 மணி நேரம் 39.5 டிகிரியில் வைத்து, பிற்காலத்தில் வெயிலைத் தாங்கும் கோழிகளை உருவாக்கினார்கள். அதற்குக் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் இயந்திரம் வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் முயல வேண்டாம்.

நம் ஊர்ப் பருவங்கள்

*மாசி முதல் வைகாசி வரை.* மதிய வெயில் 38 டிகிரியைத் தொடும் நாட்களில் தகரக் கொட்டகைக்குள் சூடு அதையும் தாண்டும். நம்மிடம் இருக்கும் சிறு பெட்டிகளுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38 டிகிரி இருந்தால், பல்ப் அணைந்திருந்தாலும் பெட்டி கொதிக்கும். ஓட்டு வீட்டின் நடு அறை, தரையோடு தரையாக ஒரு மூலை, அதுவே சரியான இடம். ஜன்னலோரமும் மொட்டைமாடி அறையும் வேண்டாம்.

*ஆனி, ஆடி.* மேற்கே மலைப்பக்கமிருந்து அடிக்கும் காற்று பெட்டியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தண்ணீர்த் தட்டைக் காலையும் மாலையும் பாருங்கள்.

*ஐப்பசி, கார்த்திகை.* வடகிழக்குப் பருவமழைக் காலம். ஈரப்பதம் தானாகவே இருக்கும், கரண்டுதான் இருக்காது. பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

*மார்கழி, தை.* இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். ஆனால் முட்டை சேமிக்கவும் அடைவைக்கவும் ஆண்டில் இதைவிட நல்ல காலம் கிடையாது.

செய்முறை

முட்டை சேமிப்பு. சூட்டுப் பிழை பெட்டிக்கு வெளியே, கூடையிலேயே தொடங்கிவிடுகிறது. 20, 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரு வளராமல் அடங்கிக் கிடக்கும். 27-க்கு மேல் போனால் அரைகுறையாக வளரத் தொடங்கிப் பலவீனப்படும். சித்திரையில் அலமாரியில் ஒரு வாரம் வைத்த முட்டையில் இப்படித்தான் பாதி வீணாகிறது. சேமிக்க ஏற்ற சூடு 15 முதல் 18 டிகிரி. அதற்கு வசதி இல்லாதவர்கள் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்க வைத்து, வாயைத் துணியால் மூடுங்கள். கோடையில் 3, 4 நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். குளிர்காலத்தில் 7 நாள் வரை வைக்கலாம். வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் அடைமுட்டைக்கு ஆகாது.

வெப்பமானி. பெட்டியோடு வந்த மீட்டரை நம்பி முதல் ஈட்டைப் போடாதீர்கள். 38 டிகிரி அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் பெட்டியின் சென்சாரையும் நுனி சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

சூடு. மின்விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 முதல் 100 ஃபாரன்ஹீட். விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு இருக்கும். ஆகவே முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வையுங்கள். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைக் காலியாக ஓடவிட்டு, மதியம் இரண்டு மணிக்கும் விடிகாலை நான்கு மணிக்கும் அளவைப் பாருங்கள்.

கடைசிப் பத்து நாள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். பாதி நாள் கடந்ததும் கருக்கள் தாமே சூடு விடத் தொடங்குகின்றன. மீட்டர் 37.7 காட்டும், முட்டை ஓடு 38.5-ஐத் தாண்டியிருக்கும். கருவணுக்கள் லட்சக்கணக்கில் பெருகும் நாட்களும் இவைதான். காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை ஓட்டின் நடுப்பகுதியில் வைத்து அளந்து பாருங்கள், 37.5-க்கும் 38-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கூடினால் பெட்டியின் சூட்டை 37.2-க்கு இறக்கி, காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள்.

ஈரப்பதம். முதல் 18 நாள் 50 முதல் 60 சதவீதம். கடைசி 3 நாள் 65 முதல் 75. மீட்டரைவிடத் தராசு நம்பகமானது. 18-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். 450 கிராம் இருந்த 10 நாட்டுக்கோழி முட்டைகள் 395 கிராம் பக்கம் வந்திருந்தால் ஈரம் சரி.

திருப்புதல். 18-ஆம் நாள் வரை, ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று முறை. பிறகு திருப்பவும் வேண்டாம், அடிக்கடி மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

கரண்ட் போனால். கரு குளிரைக் கொஞ்ச நேரம் பொறுக்கும், கொதியைப் பொறுக்காது. முதல் பத்து நாளில் மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போடுங்கள்; இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும். கடைசி வாரத்தில், அதுவும் கோடையில், போர்வை போட்டால் முட்டைகள் தம் சூட்டிலேயே வெந்துவிடும். துளைகளைத் திறந்து காற்று விடுங்கள்.

அடைக்கோழி. சிறுவிடைக் கோழிக்கு 10 முட்டை போதும். நடுவில் இருக்கும் முட்டையை ஓரத்துக்கும் ஓரத்து முட்டையை நடுவுக்கும் அதுவே தள்ளிக்கொள்ளும். தீனிக்காக ஒரு நாளில் பத்து இருபது நிமிடம் எழுந்து போவதில் கெடுதல் இல்லை. அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரியும் வைக்கும் வழக்கம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கூடையை நிழலில் வைப்பதும், எட்டிய தூரத்தில் தண்ணீர் வைப்பதும் அதைவிட முக்கியம்.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்

கூமுட்டையைக் குப்பையில் வீசுவதற்கு முன் உடைத்துப் பார்த்தால், எங்கே தவறியது என்று அதுவே சொல்லும். ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு முதல் நாலைந்து நாளில் செத்தது. சேமிப்பிலோ தொடக்கச் சூட்டிலோ பிழை. முழுக் குஞ்சாகிச் செத்திருந்தால் கடைசி வாரத்துச் சூட்டையும் ஈரத்தையும் காற்றையும் பாருங்கள். 19, 20-ஆம் நாளிலேயே பொரித்துத் தொப்புள் மூடாமல் இருந்தால் சூடு அதிகம். 22, 23 வரை இழுத்து, வயிறு உப்பிச் சோர்ந்து வந்தால் சூடு குறைவு.

முழுதாக வளர்ந்து செத்த குஞ்சின் பாலையும் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, வயிற்றைக் கீறி, மஞ்சள் கருவையும் குடலையும் ஒதுக்குங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் சிறுநீரகங்கள் தெரியும். அவற்றின் முன்நுனியில், அரிசிமணிபோல இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் சேவல். இடப்பக்கம் மட்டும் தட்டையாக வெளிறிய ஒரு துண்டு இருந்து, வலப்பக்கம் ஒன்றும் புலப்படாவிட்டால் பெட்டை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் எளிது. பொரித்த குஞ்சு, செத்த குஞ்சு இரண்டின் பாலையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். நாலைந்து ஈடு தாண்டியதும் கணக்கு பாதிக்குப் பாதியை ஒட்டி வந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மயில் முட்டை வேண்டாம்

இந்தப் பக்கம் தோட்டங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் மயில்கள் முட்டையிடுகின்றன. அதை எடுத்து வந்து கோழியின் கீழோ பெட்டியிலோ வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முட்டை கிடந்தால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முடிவாக

பெட்டை அதிகம் வேண்டுமென்றால் அதிக முட்டை அடைவையுங்கள். வைத்த முட்டைகளில் அதிகம் பொரிக்க வையுங்கள். 100 முட்டையில் 60 பொரித்தால் பெட்டை 30. சூட்டை ஒழுங்காக நடத்தி 80 பொரித்தால் பெட்டை 40. தெர்மோஸ்டாட்டால் ஆகக்கூடியது இந்தப் பத்துப் பெட்டைதான், அதுவும் சினைப்பை ஒழுங்காக வளர்ந்த பத்துப் பெட்டை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் ராஜபாளையத்திலேயே இருக்கிறது. புதிதாகப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் அங்கே ஒரு நடை போய்க் கேட்டுவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.